ஆளுக்கொரு பாட்டு

எங்கள் வேன் டிரைவர் பாட்டுப் போட்டு நான் பார்த்திருக்கிறேன். பாட்டுக் கேட்டுப் பார்த்ததில்லை. இந்த வித்தியாசம் புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது. அப்பா கைநாட்டு, அம்மா கைநாட்டு, நான் பி.காம். என்று தலையை நிமிர்த்திக்கொண்டு அந்த வேனில் ஏறியவள் நான். அந்த எட்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மீஞ்சூருக்கு அந்தப் பக்கம், கன்டெய்னர் சரக்கு இறக்கிவைக்கிற கிடங்கு ஒன்றில் எனக்கு வேலை. பேக்கிங்கில் எட்டுப் பெண்கள். ஆபீசில் உட்கார்ந்து பேப்பர் வேலை பார்க்க நான். ஒன்பது பேரையும் காலையில் ராயபுரத்தில் தொடங்கி வரிசையாக ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் அதே வரிசையைத் திருப்பி இறக்கிவிடும் வேனுக்கு அவர் டிரைவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அதற்கு முன்னால் இருபது வருடம் துறைமுகத்துக்கு டிரெய்லர் லாரி ஓட்டியவர். கழுத்தில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு. சட்டைப் பையில், பேனா வைக்கிற இடத்தில், ஒரு பென் டிரைவ்.

வேனில் ஏறுகிற ஒவ்வொருத்திக்கும் அவர் ஒரு பாட்டு வைத்திருந்தார். ராயபுரத்தில் மேரி அக்கா ஏறினால் ஒன்றாம் நம்பர், அக்கா சின்ன வயதில் கோயில் கொயரில் பாடிய பாட்டு. தண்டையார்பேட்டையில் பாத்திமா ஏறினால் மூன்றாம் நம்பர், போன வருடத்துக் கல்யாண வீடுகளில் எல்லாம் அலறிய குத்துப் பாட்டு. காலடிப்பேட்டையில் நான் ஏறினால் ஐந்து. கதவை இழுத்துச் சாத்துவதற்குள் நம்பரை அழுத்திவிட்டு, பாதி திரும்பி, "உம் பாட்டு" என்பார். அவ்வளவுதான் அவருடைய குட்மார்னிங்.

"எதுக்குண்ணே இந்தப் பாடு? ஒரு எஃப்.எம்.மப் போட்டு உட்டா அதும்பாட்டுக்குப் பாடிகினு வருது" என்று ஒருமுறை மேரி அக்கா கேட்டார்.

"காலங்காத்தால சோறாக்கி, தண்ணி புடிச்சி, ஓடியாந்து ஏர்றீங்க. ஏர்ற ஆளுக்கு ஒரு மரியாத வேணாமா?"

நான் சேர்ந்த அன்று எனக்கு என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டார். இங்கிலீஷ் பாட்டு என்றேன். எனக்கு ஒரு இங்கிலீஷ் பாட்டும் தெரியாது. கேட்டுவிட்டேன். இரண்டு நாளில் எங்கிருந்தோ ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். அதில் ஒரு வரிகூட எனக்குப் புரியவில்லை. மற்ற எட்டுப் பேரும் மரியாதையோடு என்னைப் பார்த்தார்கள். நானும் புரிந்த மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பித் தலையாட்டினேன்.

அந்த ஸ்டீரியோவுக்கு ஒரு குணம் உண்டு. பாட்டுகளைப் பெயர் வரிசையில் எடுக்காது. பென் டிரைவில் எது முதலில் ஏறியதோ அதுதான் அதற்கு ஒன்று. அதனால் ஒருத்தி வேலையை விட்டு நின்றாலோ புதிதாக ஒருத்தி வந்தாலோ, டோல்கேட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தெரிந்த மொபைல் கடைக்குப் போய், பென் டிரைவை முழுக்க அழித்து, ஒவ்வொரு பாட்டாகத் திரும்ப ஏற்றச் சொல்வார். கடைக்காரர் அலுத்துக்கொள்வாராம். இவர் பக்கத்தில் நின்று, விரலை மடக்கி எண்ணிக்கொண்டே இருப்பாராம்.

ஒருமுறை கடைக்காரர் பொறுமை இழந்து எல்லாவற்றையும் மொத்தமாக இழுத்துப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் மேரி அக்கா ஏறியதும் கானா பாட்டு. பாத்திமாவுக்குக் கொயர் பாட்டு. எனக்கு நாகஸ்வரம். ஒவ்வொருத்தியிடமும் அதே நிறைவான முகத்தோடு திரும்பி, "உம் பாட்டு" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தோம். வேன் எண்ணூர் தாண்டும் வரைக்கும் சிரித்தோம்.

"இன்னாய்யா நீ, ஞாயித்துக்கெயம பூசைக்குப் போறவளுக்கு கானா போட்டுக் குத்துகினு கீற?" என்று மேரி அக்கா கத்தினார்.

அவர் கண்ணாடியில் மேரி அக்காவின் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம்தான் சிரித்தார். மறுநாள் எல்லாம் சரியான வரிசையில் இருந்தது.

அந்தக் கண்ணாடிப் பார்வைதான் எங்களுக்கு முதலில் உறுத்தியது. பின்னால் யாராவது பேசினால் உடனே அவர் கண் மேலே போகும். பேசுகிறவளின் முகத்தில், சரியாகச் சொன்னால் வாயில், நிற்கும். பாத்திமா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உட்காரத் தொடங்கினாள்.

"அந்தாளு சும்மா சும்மா கண்ணாடில பாத்துகினே கீறாருக்கா. எனுக்குப் புடிக்கல."

சொல்ல வேண்டியவள் நான்தான் என்று எனக்குத் தோன்றியது. படித்தவள் வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு சாயங்காலம் எல்லாரும் ஏறுவதற்கு முன்னால் டிரைவர் பக்கக் கதவருகே போய் நின்றேன். ஆபீசில் பேசுகிற குரலில் சொன்னேன்: "அண்ணே, பொண்ணுங்க வர்ற வண்டி இது. கண்ணாடியப் பாக்காம ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

அவர் முகம் கறுத்துப்போனது. எதையோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். "செரிம்மா. தப்பா நெனச்சிக்காத" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே கண்ணாடியை நிமிர்த்தி, பின்பக்க ஜன்னலின் மேல் ஓரம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் நாங்கள் பேசினால் அவர் பதில் சொல்வது நின்றுபோனது. "மருந்துக் கட கிட்ட நிறுத்துண்ணே" என்றால் நிறுத்தாமல் போனார். கோபம் என்று நினைத்தோம். இந்த வயதில் ஒரு ஆம்பிளைக்கு இவ்வளவு ரோஷமா என்றுகூட நான் சொன்னேன். பாட்டு மட்டும் நிற்கவில்லை. ஏறினால் நம்பர், பாதி திரும்பல், "உம் பாட்டு". சத்தம் எப்போதும் பதினாலில் இருக்கும். கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். டிரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்டு வண்டி நிற்கும்போது, வலது உள்ளங்கையைக் கதவில் ஸ்பீக்கர் இருக்கிற இடத்தில் ஒட்டி வைத்துக்கொள்வார். குழந்தைக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி. ஸ்டைல் என்று அதையும் கேலி பேசியிருக்கிறோம்.

எனக்கு அந்த பென் டிரைவே பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. போனில் இருக்கிற பாட்டை ப்ளூடூத்தில் நேராக வண்டிக்கு அனுப்பலாம் என்று அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. ஒருநாள் அவர் டீ குடிக்க இறங்கியபோது, முன் சீட்டில் ஏறி, என் போனை அந்த ஸ்டீரியோவோடு சேர்த்துவிட்டேன். காட்டுவதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டேன். மறந்தும் போனேன்.

அந்த நாட்களில் துறைமுகத்துக்கு எதிரே ஒரு பெரிய ஆபீசில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் இங்கிலீஷை நானே போனில் பதிவுசெய்து, இயர்போனில் திரும்பக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துக் காலடிப்பேட்டையில் வேன் வந்து நின்றபோதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏறிக் கதவைச் சாத்தினேன். காதில் சத்தம் பட்டென்று நின்றது. வேனின் நான்கு ஸ்பீக்கரிலும் என் குரல் வந்தது.

"குட் மார்னிங் சார். ஐ ஆம் தி ஃபர்ஸ்ட் கிராஜுவேட் இன் மை ஃபேமிலி. மை ஃபாதர் இஸ் எ லோட்மேன், பட் ஐ ஆம் எ டீம் பிளேயர்..."

போன் என்னைக் கேட்காமலே வண்டியோடு சேர்ந்துகொண்டது. அவசரத்தில் போனின் பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். பின்சீட்டில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் குரல் நிறுத்தாமல் தன் பலங்களையும் பலவீனங்களையும் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் வழக்கம்போல ஐந்தை அழுத்தினார். பாதி திரும்பினார்.

"உம் பாட்டு" என்றார்.

சிரிப்பு இன்னும் பெரிதானது. "அண்ணாத்தைக்கு இங்கிலீசு எல்லாம் ஒண்ணுதான்டீ. பேசனாலும் பாட்டு, பாடனாலும் பாட்டு" என்றாள் பாத்திமா. ஒருவழியாக நான் போனை நிறுத்தினேன். ஸ்பீக்கர்கள் அடங்கின. எஞ்சினும் எங்கள் சிரிப்பும் மட்டும்தான்.

அவர் விரல்கள் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அந்த இங்கிலீஷ் பாட்டுக்கு அவர் வழக்கமாகப் போடுகிற அதே தாளம். தலையும் லேசாக ஆடியது. முதலில் மேரி அக்காவின் சிரிப்பு நின்றது. அப்புறம் ஒவ்வொருத்தியாக நிறுத்தினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரயில்வே கேட் வரும் வரைக்கும், இல்லாத பாட்டுக்கு அவர் தாளம் போட்டுக்கொண்டே வந்தார். கேட்டில் வண்டி நின்றதும் உள்ளங்கையைக் கதவில் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. ஸ்டீரியோவைப் பார்த்தார். ஏதோ ஒரு பட்டனை அழுத்தினார். பாட்டு வந்தது. எங்கள் பக்கம் அவர் திரும்பவில்லை.

மத்தியானம் கிடங்குக்குப் பின்னால், சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்துவைத்தும் யாரும் சாப்பிடவில்லை.

"ஆபீஸ்ல சொல்லிடலாம்கா. இந்த ரோட்ல லாரிக்காரன் ஹாரன் அடிச்சா அவருக்கு இன்னா கேக்கும்? எனுக்கு வூட்டுல ரெண்டு புள்ளிங்கோ கீது" என்றாள் பாத்திமா.

"சொன்னா நாளைக்கே சாவிய வாங்கிகினு அனுப்பிச்சிடுவானுங்கோ. அந்தாளுக்கு வண்டிய வுட்டா வேற இன்னா தெரியும்?" மேரி அக்கா என்னைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற? எயுதறதுன்னா நீதான் எயுதணும்."

எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி அடித்தேன். கண்ணாடியை நிமிர்த்தி வைத்த அந்தக் கறுத்த முகம் வந்து நின்றது. அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். என் மூளைதான் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று அப்போது நம்பினேன்.

வழி இதுதான். தினம் ஒருத்தி முன் சீட்டில், டிரைவருக்கு இடது பக்கம் உட்கார வேண்டும். கையை டாஷ்போர்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னாலோ பக்கத்திலோ ஹாரன் கேட்டால், அவர் கண்ணில் படுகிற மாதிரி விரலால் தட்ட வேண்டும். பாட்டுக்குத் தாளம் போடுவது போல இருக்கும், அவர் மனசும் நோகாது. ஹாரன் டூட்டி என்று பேர் வைத்தோம். யாருக்கு எந்த நாள் என்று எக்செலில் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் நானே உட்கார்ந்தேன். கையை நீட்டி, நடுக் கண்ணாடியைப் பழையபடி பின்சீட்டு முகங்கள் தெரிகிற மாதிரி தாழ்த்தி வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாம் நம்பரை அழுத்தினார்.

யாரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஓடியது. ஆனால் அந்த டூட்டி எங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதை நான் கணக்கில் வைக்கவில்லை. நாலரைக்கு எழுந்து, குழாயடியில் நின்று, அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிற பெண்களுக்கு, வேனில் தூங்குகிற அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தமான தூக்கம். வாயைத் திறந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவள் தோளில் எச்சில் வழியத் தூங்குவோம். முன் சீட்டில் அது கிடையாது. டிரெய்லர்களுக்கு நடுவே கண்ணில் மண் விழ, வருகிற ஹாரனையெல்லாம் எண்ணிக்கொண்டு போக வேண்டும்.

"இன்னிக்கு ஒரு நாளு நீ குந்தேன், தல வலி உயிரு போவுது" என்று ஒருத்தி கேட்பாள். மறுநாள் இன்னொருத்தி. நான் மறுக்கவில்லை. என் ஏற்பாடு தோற்றுப்போவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஆபீசில் வேலை குவிந்து கிடந்தது. அந்த வாரம் ஆறு நாளும் முன் சீட்டில் நான்தான்.

ஆறாவது நாள் காலை. எண்ணூர் ரோட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கை டாஷ்போர்டில்தான் இருந்தது என்பது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது மேரி அக்காவின் அலறல். கண்ணைத் திறந்தபோது என் ஜன்னல் முழுக்க, இடது பக்கமாக முந்திவந்த ஒரு கன்டெய்னரின் துருப்பிடித்த சுவர். ஹாரன் காதைக் கிழித்தது. எவ்வளவு நேரமாக அடித்துக்கொண்டிருந்தானோ. இடது பக்கக் கண்ணாடி உடைந்து பறந்தது. என் கதவை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஏதோ கிழித்துக்கொண்டு போனது. அவர் வலப்புறம் ஒடித்து, கொஞ்ச தூரம் போய், ஓரமாக நிறுத்தினார்.

டிரெய்லர்க்காரன் நிற்காமல், "செவுடா உனுக்கு?" என்று கத்திவிட்டுப் போனான்.

யாருக்கும் அடியில்லை. என் மடியில் கண்ணாடித் தூள். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"தூங்கிட்டேண்ணே" என்றேன். அவர் என் வாயைப் பார்த்தார்.

"தெரியும். எண்ணூர் வர்றதுக்கு முன்னாலயே தூங்கிட்ட. எயுப்பலாம்னு கைய நீட்டனேன். மொகத்தப் பாத்தா எயுப்ப மனசு வரல." டாஷ்போர்டில் கிடந்த கண்ணாடித் தூளைத் துண்டால் ஒதுக்கினார். "நீங்கோ வெரல தட்றது பாட்டுக்குன்னா நெனச்சிகினு இருந்தேன்? மொத நாளே தெரியும். எனக்குக் கேக்கல. நீ தூங்கிட்ட. அப்ப இத்தினி நேரம் இந்த வண்டிய யாரும்மா ஓட்னது?"

சாவியை உருவி, பின்னால் திரும்பி மேரி அக்காவிடம் நீட்டினார்.

"யோவ், ஒரு கண்ணாடி ஒடஞ்சதுக்கா? மாட்டிக்கலாம்யா."

"அரயடி மேரி. அரயடி இந்தாண்ட வந்திருந்தா இந்தப் பொண்ணு இல்ல. ஆபீசுக்கு போன் போடு. வேற டிரைவர அனுப்பச் சொல்லு."

மேரி அக்கா போன் செய்தார். "டிரைவருக்கு ஒடம்பு முடில சார்" என்றார். பாத்திமா அழுதாள். மற்றவர்கள் ரோட்டோரம் இறங்கி, கிழிந்துபோன கதவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் டோல்கேட் பஸ் பிடிக்க எதிர்ப்பக்கம் போக வேண்டும். ரோட்டின் விளிம்பில் போய் நின்றார். இரண்டு பக்கமும் டிரெய்லர். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், காலை எடுத்துவைத்துப் பின்வாங்கினார். இருபது வருடம் டிரெய்லர் ஓட்டிய ரோடு அது. திரும்பவும் வலது பக்கம் பார்த்தார். நான் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். உதறுவார் என்று நினைத்தேன். உதறவில்லை. நடுத்திட்டு வரைக்கும் போய் நின்று, ஒரு லாரியை விட்டு, அப்புறம் மறுபக்கம் போனோம். கை வேர்த்திருந்தது. அவருடையதா என்னுடையதா என்று தெரியவில்லை.

"உனக்கு நேரமாவுது. போ" என்றார். போகவில்லை.

பஸ் வந்தது. ஏறி, முன்பக்க ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தார். கண்டக்டர் அவருக்குப் பின்னால் வந்து நின்று எங்கே போக வேண்டும் என்று கேட்டார். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை குரல் ஏறியது. "யோவ் பெர்சு, காதுல இன்னா?"

பஸ் நகரத் தொடங்கியிருந்தது. நான் கூடவே நடந்துகொண்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்துச் சொன்னேன். இரண்டு மாதமாக எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தியும் சத்தமாகச் சொல்லாதது.

"டோல்கேட் ஒண்ணு குடுங்க. அவருக்குக் காது கேக்காது."

நான் சொல்லும்போதே அவர் திரும்பி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று கண்டக்டருக்குத் தலையாட்டினார்.